தொடக்க லாக்கில் 10 நொடி ஏன் 10.3 ஆகிறது: நேர நழுவலைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பெரிய டேட்டாபேஸ் சர்வர் ஒன்று திடீரென நின்றுபோனால், மறுபடி எழுந்து வரும்போது பல நிமிடங்களுக்கு எந்த இணைப்பையும் ஏற்காது. சில சமயம் மணிக்கணக்கில்கூட இழுக்கும். கோப்புகளை ஒவ்வொன்றாக டிஸ்க்கில் உறுதிப்படுத்தும், விட்டுப்போன மாற்றங்களை மறுபடி செய்து பார்க்கும், இன்டெக்ஸ்களை நினைவகத்தில் ஏற்றும். வெளியே காத்திருப்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம், 10 நொடிக்கு ஒருமுறை விழும் ஒரு லாக் வரி: "வேலை நடக்கிறது, இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது, இந்தக் கோப்பில் இருக்கிறேன்."

அந்த வரி 10, 20, 30 என்று விழாமல் 10.21, 20.55, 30.74, 41.02 என்று தள்ளிக்கொண்டே போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிடலாமா? முதல் சில வரிகளில் விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 0.35 நொடி நழுவினால், ஒரு மணி நேரத்தில் 360 வரிகள் வரவேண்டிய இடத்தில் 347 வரிகள்தான் வரும். வரிகளை எண்ணி நேரத்தைக் கணிக்கும் ஸ்கிரிப்டும், "இந்த நிமிடத்தில் 6 வரி வரவில்லை" என்று எச்சரிக்கும் விதியும் அப்போது பொய் சொல்லத் தொடங்கும். இரண்டு சர்வர்களின் தொடக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் முடியாது. அதைவிட முக்கியமாக, இந்த நழுவல் டைமர் தவறாக எழுதப்பட்டிருப்பதன் அடையாளம். பெரிய தாமதம் ஒன்று வரும்போது அதே தவறு மோசமாக வெளிப்படும்.

திருத்தம் சில வரிகள்தான். எந்த வரிகள் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

படி 1: நழுவலா, தடுமாற்றமா என்று பிரித்துப் பாருங்கள்

கீழே இரண்டு நிரல்களின் லாக். இரண்டிலும் இடைவெளி 10 நொடி. இரண்டும் செய்யும் வேலையும் ஒன்றே. ஒரு வேலைத்துண்டு முடிய அதிகபட்சம் 0.4 நொடி ஆகிறது.

    முதல் நிரல்:     10.21   20.55   30.74   41.02   51.38   61.60
    இரண்டாம் நிரல்:  10.21   20.34   30.08   40.27   50.36   60.12

ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அது விழுந்திருக்க வேண்டிய நேரத்தைக் கழியுங்கள். முதல் நிரலில் மிச்சம் 0.21, 0.55, 0.74, 1.02, 1.38, 1.60 என்று ஏறிக்கொண்டே போகிறது. இது நழுவல். இரண்டாவதில் மிச்சம் 0.21, 0.34, 0.08, 0.27, 0.36, 0.12. மேலும் கீழும் ஆடினாலும் 0.4-ஐத் தாண்டவில்லை. இது வெறும் தடுமாற்றம். தடுமாற்றத்தைத் துரத்த வேண்டாம். வேலை துண்டு துண்டாக நடக்கும்வரை அது இருக்கத்தான் செய்யும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தால் கணிப்பு தலைகீழாகிவிடும். முதல் நிரலில் இடைவெளிகள் 10.34, 10.19, 10.28, 10.36, 10.22, பார்க்க ஒழுங்காகவே தெரிகின்றன. இரண்டாவதில் 10.13, 9.74, 10.19, 10.09, 9.76. "இதுதான் கோளாறு, 9.74 எப்படி வரும்?" என்று சரியான நிரலைத் திருத்தப் போய்விடுவார்கள். உண்மையில் அந்த 9.74 நல்ல அறிகுறி. முந்தைய வரி தாமதமானாலும் அடுத்த வரி தன் நேரத்துக்கே வந்திருக்கிறது என்று அது சொல்கிறது. இடைவெளி எப்போதுமே 10-க்குக் கீழே போகவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அளக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். லாக் சேகரிப்பான் ஒவ்வொரு வரிக்கும் போடும் நேர முத்திரையை நம்பாதீர்கள். அது வரி வந்து சேர்ந்த நேரம், எழுதப்பட்ட நேரம் அல்ல. செய்திக்குள்ளேயே இருக்கும் "கழிந்த நேரம்" என்ற எண்ணை எடுங்கள். உங்கள் செய்தியில் அது இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் சேருங்கள், மற்றது அப்புறம். இரண்டாவது, குறைந்தது 20 வரிகளாவது பாருங்கள். நான்கைந்து வரிகளில் தடுமாற்றமும் நழுவலும் ஒரே மாதிரி தெரியும்.

மிச்சத்தை வரைபடமாகப் போட்டால் இன்னொன்றும் தெரியும். சீரான சாய்கோடு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நழுவுகிறது. தட்டையாகப் போய், ஓரிடத்தில் படி ஏறி, மறுபடி தட்டையாகப் போனால், அங்கே ஒரு பெரிய தாமதம் நேர்ந்து டைமர் புதிய இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கதை. இரண்டாவது திட்டமிட்டே செய்ததாகவும் இருக்கலாம். படி 5-இல் அதைப் பார்ப்போம்.

படி 2: கடிகாரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கணக்கு

நழுவலைப் பார்த்ததும் "மெஷினின் கடிகாரம் சரியில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் பிழை பொதுவாகப் பத்து லட்சத்தில் சில பத்துகள், மோசமானால் நூறு. நூறு என்றே வைத்தாலும் 10 நொடிக்கு 1 மில்லி நொடிதான். என்டிபி (வலையமைப்பு வழியாக மெஷினின் நேரத்தைச் சரிசெய்யும் முறை) நேரத்தை மெதுவாக இழுத்துச் சரிசெய்யும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அனுமதிக்கும் வழக்கமான அதிர்வெண் திருத்தம் பத்து லட்சத்தில் 500. அது 10 நொடிக்கு 5 மில்லி நொடி. உங்கள் லாக்கில் 10 நொடிக்கு 250 மில்லி நொடி நழுவுகிறதென்றால் அது நிரலில் உள்ள தவறு. விண்டோஸில் டைமரின் இயல்பான நுணுக்கம் சுமார் 15.6 மில்லி நொடி. ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவுக்கு நழுவல் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அங்கேயும் மருந்து படி 4-இல் வருவதுதான்.

படி 3: நழுவல் உள்ளே வரும் வாசலைக் கண்டுபிடியுங்கள்

நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்.

முதலாவது, மிகவும் சாதாரணமானது: "செய்தியை எழுது, 10 நொடி தூங்கு, மறுபடி செய்தியை எழுது." தூக்கம் 10 நொடிதான். ஆனால் எழுத ஆன நேரம், விழித்து எழ ஆன நேரம், நடுவில் செய்த வேலையின் நேரம் எல்லாம் அதன் மேல் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது, டைமரை ஒருமுறை மட்டும் அடிப்பதாக வைத்து, செய்தி எழுதிய பிறகு "இப்போதிலிருந்து 10 நொடி" என்று மறுபடி முடுக்குவது. மேலே பார்த்த முதல் நிரல் இந்த வகை. டைமர் சரியாக 10.00-க்கு அடித்தது, ஆனால் வேலை லூப் அதைக் கவனித்தது 10.21-க்கு. அங்கிருந்து மறுபடி 10 நொடி எண்ணத் தொடங்கியதால் அந்த 0.21 நிரந்தரமாகக் கணக்கில் ஏறிவிட்டது.

மூன்றாவது, நேரத்தையே பார்க்காமல் "ஒவ்வொரு 1000 கோப்புக்கும் ஒரு செய்தி" என்று எழுதிவிட்டு, அது சுமார் 10 நொடிக்கு ஒருமுறை வருவதால் காலமுறைச் செய்தி என்று நம்பிவிடுவது. டிஸ்க் வேகம் மாறினால் எல்லாம் மாறும். கோப்புகள் பெரிதாக இருக்கும் நாளில், அதாவது செய்தி மிகவும் தேவைப்படும் நாளில், அது வரவே வராது.

நான்காவது பலருக்குத் தோன்றாதது: லாக் எழுதுவதே தடைபடுவது. பிழை வெளியீடு ஒரு பைப் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் குழாய்) வழியாகச் சேகரிப்பானுக்குப் போகிறது என்று வையுங்கள். லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கிலோபைட். மறுமுனையில் படிப்பவர் நின்றுவிட்டால் பைப் நிரம்பும். அதன்பின் எழுதும் அழைப்பு அப்படியே உறைந்து நிற்கும். செய்தி எழுதிய பிறகு நேரத்தைப் படித்து அடுத்த சுற்றைக் கணக்கிடும் நிரலில் அந்தக் காத்திருப்பு முழுவதும் நழுவலாகச் சேரும். எழுதுவதற்கு முன்பே நேரத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கழிந்த நேரம், அடுத்த சுற்று இரண்டையும் அந்த ஒரே எண்ணிலிருந்து கணக்கிடுங்கள்.

படி 4: சரியான கடிகாரத்தைப் பிடித்து, அடுத்த நேரத்தை அதில் நங்கூரமிடுங்கள்

கணினியில் இரண்டு வகை நேரம் உண்டு. ஒன்று சுவர்க் கடிகாரம்: தேதி, மணி, நிமிடம். நிர்வாகி மாற்றலாம், என்டிபி குதிக்க வைக்கலாம், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் சேர்க்கும் லீப் நொடி வரலாம். இன்னொன்று மோனோடோனிக் கடிகாரம்: பின்னோக்கிப் போகாது, "எவ்வளவு நேரம் கழிந்தது" என்று மட்டும் சொல்லும். கழிந்த நேரத்துக்கும் டைமருக்கும் எப்போதும் இரண்டாவதுதான். மெஷின் இப்போதுதான் பூட் ஆகியிருக்கிறது, என்டிபி இன்னும் சரிசெய்து முடிக்கவில்லை என்றால், சுவர்க் கடிகாரம் குதிக்க அதிக வாய்ப்புள்ள நேரமே தொடக்க நேரம்தான். அதனால் இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

இதன் விளைவு கற்பனை அல்ல. 2016 டிசம்பர் 31 இரவு சேர்க்கப்பட்ட லீப் நொடியின்போது இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும்) மென்பொருளில் இரண்டு நேரங்களின் வித்தியாசம் எதிர்மறையாகி, அந்த எண்ணை எதிர்பார்க்காத நிரல் விழுந்தது. அது கோ மொழியில் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த கோ 1.9-இல் நேர மதிப்புகளோடு மோனோடோனிக் அளவும் சேர்ந்தே வரத் தொடங்கியது. பைத்தானில் டைம்.மோனோடோனிக் 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஜாவாவில் சிஸ்டம்.நானோடைம், ரஸ்டில் இன்ஸ்டன்ட், சி++ மொழியில் ஸ்டெடி_கிளாக், சி மொழியில் கிளாக்_மோனோடோனிக். லினக்ஸில் ஒரு நுணுக்கம்: மெஷின் உறக்கநிலைக்குப் போன நேரத்தைக் கிளாக்_மோனோடோனிக் எண்ணாது, கிளாக்_பூட்டைம் எண்ணும். தொடக்க வேலையின் கால அளவுக்கு முதலாவதே பொருத்தம். உறங்கிய நேரத்தில் வேலை நடக்கவில்லையே.

இனி முக்கியமான மாற்றம். அடுத்த செய்தியின் நேரத்தை, இந்தச் செய்தி உண்மையில் வந்த நேரத்திலிருந்து கணக்கிடக்கூடாது. அது வந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். ஒரு பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது என்பதற்காக அன்றைய மீதி அட்டவணையை யாரும் ஐந்து நிமிடம் தள்ளி எழுதுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான்.

    தொடக்கம் = மோனோடோனிக்_நேரம்()
    அடுத்தது = தொடக்கம் + இடைவெளி

    ஒவ்வொரு வேலைத்துண்டுக்கும்:
        இப்போது = மோனோடோனிக்_நேரம்()
        இப்போது >= அடுத்தது என்றால்:
            செய்தி_எழுது(இப்போது - தொடக்கம், துண்டின்_பெயர்)
            அடுத்தது = அடுத்தது + இடைவெளி
        துண்டைச்_செய்()

கடைசிக்கு முந்தைய வரியில் "இப்போது + இடைவெளி" என்று இருந்தால் முதல் நிரல். "அடுத்தது + இடைவெளி" என்று இருந்தால் இரண்டாம் நிரல். வித்தியாசம் ஒரே ஒரு சொல். இந்த வடிவத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் படி 5-இல் அடைப்போம்.

தனி த்ரெட்டில், அதாவது வேலையோடு இணையாக ஓடும் இழையில், தூங்கி எழுபவர்களும் அதே கொள்கையைப் பிடிக்கலாம். "10 நொடி தூங்கு" என்பதற்குப் பதில் "இந்த நேரம் வரை தூங்கு" என்று கேட்கலாம். லினக்ஸில் கிளாக்_நானோஸ்லீப் அழைப்புக்கு, எழ வேண்டிய நேரத்தையே நேரடியாகக் கொடுக்க டைமர்_ஆப்ஸ்டைம் என்ற தேர்வு இருக்கிறது. கோப்பைப்போல் படிக்கக்கூடிய டைமரான டைமர்எஃப்டியிலும் அதற்கு இணையான தேர்வு உண்டு. ஜாவாவில் ஷெட்யூல்-வித்-ஃபிக்ஸ்டு-டிலே நழுவும், ஷெட்யூல்-அட்-ஃபிக்ஸ்டு-ரேட் நழுவாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் ரிவ்யூவில் கண்ணில் படாமல் தப்பிவிடும், தேடிப் பாருங்கள்.

நேரத்தைத் தசம எண்ணாக வைக்காமல் முழு எண்ணாக, நானோ நொடியிலோ மில்லி நொடியிலோ வையுங்கள். 0.1 என்ற தசமத்தைப் பத்து முறை கூட்டினால் பெரும்பாலான மொழிகளில் 0.9999999999999999 என்றுதான் வரும். 10 நொடி இடைவெளியில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒப்பீடு சரியாக எல்லையில் விழும்போது ஒரு சோதனை எப்போதாவது தோற்கும். எப்போதாவது தோற்கும் சோதனையைத் துரத்துவதைப்போல் நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை.

படி 5: சுற்றுகளே தவறிப்போனால் என்ன செய்வது என்று முடிவெடுங்கள்

பல நிரல்கள் நங்கூரமிடுவதோடு நிறுத்திவிடுகின்றன. நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் அதற்கு அடுத்ததுதான்.

28-ஆவது நொடியில் ஒரு பெரிய கோப்பை டிஸ்க்கில் உறுதிப்படுத்தத் தொடங்குகிறது நிரல். டிஸ்க் திணறுகிறது; அழைப்பு 57-இல்தான் திரும்புகிறது. 30, 40, 50 ஆகிய மூன்று நேரங்களும் தவறிவிட்டன. மேலே உள்ள நிரல் இப்போது என்ன செய்யும்? 57-இல் ஒரு செய்தி. அடுத்தது 40, அதுவும் கடந்துவிட்டதால் அடுத்த துண்டில் உடனே இன்னொன்று. அப்புறம் 50-க்கும் ஒன்று. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மூன்று வரிகள், எதிலும் புதிய தகவல் இல்லை. மெஷின் 2 மணி நேரம் இடைநிறுத்தப்பட்டு, கடிகாரம் மட்டும் ஓடியிருந்தால் 720 வரிகள் கொட்டும்.

இதற்கு மூன்று கொள்கைகள் உண்டு. ரஸ்ட் உலகின் டோக்கியோ நூலகம் இவை மூன்றுக்கும் பெயரே வைத்திருக்கிறது: பர்ஸ்ட், டிலே, ஸ்கிப். பர்ஸ்ட்தான் அதன் இயல்பு அமைப்பு, அதாவது தவறியதையெல்லாம் சேர்த்துக் கொட்டுவது. கணக்கீட்டு வேலைகளுக்கு அது சரியாக இருக்கலாம். முன்னேற்றச் செய்திக்குச் சரியே இல்லை, மாற்றிவிடுங்கள். டிலே என்றால் இப்போதிலிருந்து புதிதாக எண்ணுவது: 57-க்குப் பின் 67, 77. ஸ்கிப் என்றால் தவறியதை விட்டுவிட்டுப் பழைய அட்டவணையில் அடுத்து வரும் நேரத்தைப் பிடிப்பது: 57-க்குப் பின் 60, 70.

என் தேர்வு ஸ்கிப். அதற்கு நினைவில் வைக்க வேண்டியது தொடக்க நேரம் ஒன்றுதான்:

    அடுத்தது = தொடக்கம் + (முழுஎண்((இப்போது - தொடக்கம்) / இடைவெளி) + 1) * இடைவெளி

57-ஐ வைத்துப் பாருங்கள்: 57-ஐப் பத்தால் வகுத்த முழு எண் 5, ஒன்றைக் கூட்டினால் 6, அடுத்தது 60. சாதாரணச் சுற்றில் 20.34-ஐ வைத்தால் 30 வரும். நழுவலும் இல்லை, கொட்டலும் இல்லை, தனியாக நிபந்தனை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து பெருக்கியே கணக்கிடுவதால் கூட்டல் பிழை சேரவும் வழியில்லை. 57-க்கும் 60-க்கும் நடுவே 3 நொடிதான் என்பது கண்ணை உறுத்தினால், "பாதி இடைவெளிக்கும் குறைவாக இருந்தால் அதையும் தாண்டிப் போ" என்று ஒரு வரி சேர்க்கலாம். நான் சேர்ப்பதில்லை.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேறொரு நியாயமான வழியைத் தேர்ந்தெடுத்தது. 2022-இல் வெளிவந்த அதன் 15-ஆம் பதிப்பில் லாக்_ஸ்டார்ட்டப்_புரோகிரஸ்_இன்டர்வல் என்ற அமைப்பு வந்தது. இயல்பு மதிப்பு 10 நொடி, 0 கொடுத்தால் அணைந்துவிடும். அதற்காகவே அதன் டைமர் பகுதியில் திரும்பத் திரும்ப அடிக்கும் வகையும் சேர்க்கப்பட்டது. அடுத்த அடி, உண்மையில் அடித்த நேரத்திலிருந்து கணக்கிடப்படாமல் அடித்திருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரு முழுச் சுற்றே தவறும் அளவுக்குத் தாமதமானால் மட்டும் உண்மையான நேரத்துக்கு நங்கூரத்தை மாற்றிக்கொள்கிறது. சிறு தாமதங்கள் சேராது, பெரிய தாமதத்துக்குப் பின் வரிகள் கொட்டாது. படி 1-இல் சொன்ன "ஓரிடத்தில் படி ஏறும்" வரைபடம் இத்தகைய நிரலிலிருந்து வரலாம். பார்த்ததும் பிழை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கோ மொழியின் டிக்கர் (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிக்கும் டைமர்) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: வாங்குபவர் மெதுவாக இருந்தால் அது டிக்குகளைத் தானே கைவிடும், கொட்டாது. டைமர்எஃப்டியைப் படித்தால் எத்தனை சுற்று கழிந்தது என்ற எண்ணிக்கையே திரும்பி வரும். அதை லாக்கில் போட்டால் "3 சுற்று தவறியது" என்ற தகவல் இலவசமாகக் கிடைக்கும்.

படி 6: சிக்னலா, நேரடிப் பார்வையா, தனி த்ரெட்டா

சிக்னல் வழியில், டைமர் அடிக்கும்போது கெர்னல் நிரலை இடைமறித்து ஒரு சிக்னல் அனுப்பும். அப்போது ஓடும் சிறு பகுதியான சிக்னல் கையாளி ஒரு கொடியை, அதாவது ஆம்/இல்லை என்ற ஒரு குறியை, மட்டும் உயர்த்தும். வேலை லூப் அந்தக் கொடியைப் பார்த்துச் செய்தி எழுதும். கையாளிக்குள்ளிருந்தே லாக் எழுதக்கூடாது. லாக் நூலகம் நினைவகம் கேட்கும், பூட்டுப் போடும். அதே பூட்டை முக்கிய நிரல் பிடித்திருக்கும் நொடியில் சிக்னல் வந்தால் சர்வர் தொடக்கத்திலேயே உறைந்துபோகும்.

இந்த வழியில் ஓர் இயல்பான நன்மை உண்டு. லூப் ஒரு நீண்ட கணக்கீட்டில் சிக்கியிருக்கும்போது டைமர் மூன்று முறை அடித்தாலும் கொடி ஒன்றுதான், செய்தியும் ஒன்றுதான் வரும். ஆனால் நிரல் கெர்னலுக்குள், இடைமறிக்க முடியாத டிஸ்க் காத்திருப்பில் இருந்தால் கையாளியே ஓடாது. அழைப்பு திரும்பிய பிறகுதான் ஓடும். மேலே சொன்ன 57-ஆவது நொடிக் கதையில் அதுதான் நடக்கும். தவறிய சுற்றுக்கான கொள்கை சிக்னல் வழியிலும் ஏன் தேவை என்பதற்குக் காரணம் இதுவே.

நேரடியாக ஒவ்வொரு துண்டிலும் கடிகாரத்தைப் படிப்பது எளிமையானது. லினக்ஸில் பெரும்பாலும் இந்த அழைப்பு கெர்னலுக்குள் போகாமலே முடிந்துவிடும், செலவு சில பத்து நானோ நொடிகள். துண்டு ஒவ்வொன்றும் மில்லி நொடிக் கணக்கில் எடுக்கும் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சில மெய்நிகர் மெஷின்களில் கடிகார மூலம் வேறாக இருந்து ஒவ்வொரு படிப்பும் கெர்னல் அழைப்பாக மாறும். துண்டு ஒன்று மைக்ரோ நொடியில் முடியும் வேலையென்றால் அங்கே அது உறைக்கும். அப்போது கொடி முறைக்குப் போங்கள், அல்லது 64 துண்டுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள்.

தனி த்ரெட் மட்டும்தான் வேலை முழுக்க உறைந்திருக்கும்போதும் செய்தி தரும். அதன் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: வேலை செத்துக் கிடந்தாலும் "நடக்கிறது, நடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் த்ரெட் வழியைத் தேர்ந்தெடுத்தால் நேரத்தோடு முடிந்த துண்டுகளின் எண்ணிக்கையையும், இப்போதைய துண்டு தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். தொடக்கத்தில் நிரல் தன்னைப் பிரித்துக் குழந்தைச் செயல்களை, அதாவது தனியாக ஓடும் துணை நிரல்களை, உருவாக்கும் என்றால் த்ரெட்டைத் தவிர்ப்பதே நல்லது.

படி 7: கட்டங்களின் எல்லையைத் துடைத்து வையுங்கள்

தொடக்கம் என்பது பொதுவாகப் பல கட்டம்: கோப்புகளை உறுதிப்படுத்தல், தற்காலிக அட்டவணைகளைத் துடைத்தல், மறு ஓட்டம் (விட்டுப்போன மாற்றங்களை மறுபடி செய்தல்). ஒவ்வொரு கட்டமும் தன் கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்போது வரிசை முக்கியம்: முதலில் பழைய டைமரை அணை, பிறகு கொடியை இறக்கு, பிறகு தொடக்க நேரத்தைப் பதி, கடைசியில் புது டைமரை முடுக்கு. கொடியை இறக்கிய பிறகு டைமரை அணைத்தால், அந்த இடுக்கில் ஒரு சிக்னல் விழுந்து, புதுக் கட்டத்தின் முதல் துண்டிலேயே "0.00 நொடி ஆகியிருக்கிறது" என்ற அபத்தமான வரி வரும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் யாராலும் மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாது.

கடைசிக் கட்டம் முடிந்ததும் டைமரை அணைக்க மறக்காதீர்கள். குறிப்பாக, பிரதிச் சர்வர் மறு ஓட்டத்தை முடிவில்லாமல் செய்துகொண்டே இருக்கும். அங்கே இந்த டைமர் தேவையில்லாமல் செயலைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்? கட்டத்தின் பெயர், மோனோடோனிக் கடிகாரம் சொல்லும் கழிந்த நேரம், இப்போது கையில் இருக்கும் பொருள், அதாவது கோப்பின் பாதையோ மறு ஓட்டம் எட்டியிருக்கும் இடமோ. மொத்தம் தெரிந்தால் எண்ணிக்கையும். செய்தியைத் துண்டு தொடங்கும் முன் எழுதுங்கள், முடிந்த பின் அல்ல. அந்தத் துண்டிலேயே சர்வர் சிக்கிவிட்டால், லாக்கின் கடைசி வரி குற்றவாளியின் பெயரைச் சொல்லும்.

படி 8: போலிக் கடிகாரத்தோடு சோதியுங்கள்

உண்மையான 10 நொடிகளைக் காத்திருந்து சோதிக்க வேண்டாம். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி நிரலை எழுதினால் ஒரு மணி நேரத் தொடக்கத்தை நொடியில் ஓட்டிப் பார்க்கலாம். என் பட்டியல்:

- எல்லாத் துண்டும் 0.35 நொடி. 3600 நொடிக்கான துண்டுகளை ஓட்டி, 359-ஆவது செய்தியின் மிச்சமும் 0.35-க்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு சோதனையே நழுவலைப் பிடித்துவிடும்.
- நடுவில் ஒரு துண்டு மட்டும் 29 நொடி. அதன்பின் ஒரே ஒரு செய்தி, அடுத்தது நீங்கள் தேர்ந்த கொள்கைப்படி.
- சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள். செய்திகளின் நேரத்தில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது.
- இடைவெளி 0. வகுத்தல் பிழை வராமல் அமைதியாக அணைந்திருக்க வேண்டும். ஸ்கிப் வாய்ப்பாட்டைப் பயன்படுத்துபவர்கள் இதை விடவே கூடாது.
- 4 நொடியில் முடியும் கட்டம். முன்னேற்றச் செய்தியே வரக்கூடாது.

"சரியாக 20.00-க்கு வர வேண்டும்" என்று சோதனை எழுதாதீர்கள். தடுமாற்றத்துக்கு இடம் விட்டு, நழுவலுக்கு மட்டும் இடம் விடாமல் எழுதுங்கள்.

படி 9: கண்காணிப்பவரோடு இணையுங்கள்

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, ஒரு சேவை தொடங்குவதற்கு இயல்பாக 90 நொடி கொடுக்கும். அதற்குள் தயார் என்று சொல்லாவிட்டால் கொன்றுவிடும். மறு ஓட்டத்தின் நடுவே கொல்லப்பட்ட சர்வர், விட்ட வேலையின் பெரும்பகுதியை மறுபடி செய்ய வேண்டியிருக்கும், மறுபடி 90 நொடியில் கொல்லப்படும். இதைத் தவிர்க்க, அறிவிப்பு வகைச் சேவைகள் எக்ஸ்டெண்ட்_டைம்அவுட்_யூசெக் என்ற செய்தியை அனுப்பிக் கூடுதல் நேரம் கேட்கலாம். மதிப்பு மைக்ரோ நொடியில். முன்னேற்றச் செய்தி எழுதும் அதே இடம்தான் இதை அனுப்பவும் சரியான இடம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் இதற்கு இணையானது தொடக்கச் சோதனை. அது வெற்றி பெறும்வரை உயிர்ச் சோதனை தொடங்காது. பொறுக்கும் மொத்த நேரம் தோல்வி வரம்பையும் இடைவெளியையும் பெருக்கினால் கிடைக்கும். இயல்பு மதிப்புகள் 3-ம் 10 நொடியும், அதாவது 30 நொடிதான். பெரிய டேட்டாபேஸுக்கு இது போதாது. 30-ம் 10-ம் வைத்தால் 300 நொடி.

கூடுதல் நேரத்தை எப்போது கேட்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். டைமர் அடித்தது என்பதற்காகக் கேட்கக்கூடாது. போன செய்திக்குப் பின் முடிந்த துண்டுகளின் எண்ணிக்கை ஏறியிருந்தால் மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் உறைந்துபோன சர்வரை நீங்களே காப்பாற்றிக்கொண்டிருப்பீர்கள். கேட்கும் அளவும் இடைவெளிக்குச் சமமாக இருக்கக்கூடாது. 10 நொடிக்கு ஒருமுறை 10 நொடி கேட்டால், 0.36 நொடித் தடுமாற்றம் ஒன்றே சர்வரைக் கொல்லப் போதும். ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று இடைவெளி, அதாவது 30 நொடி கேளுங்கள். டிஸ்க் மிக மெதுவான இடங்களில், ஒரே துண்டு எடுத்த அதிகபட்ச நேரத்தைப் பழைய லாக்கிலிருந்து எடுத்து, அதன் இரண்டு மடங்கைக் கேளுங்கள்.